வென்ற குதிரையின் களைப்பு

1799 மார்ச் 25 அன்று, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் திடலில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்னும் இரு குதிரைகள் நான்கு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு ஓடின. பந்தயத் தொகை 3,000 கினி. ஹாம்பிள்டோனியன் மிகச் சிறு இடைவெளியில் வென்றது. சாட்டையும் குதிமுள்ளும் இரண்டின் உடலையும் கிழித்திருந்தன. வெற்றியின் நினைவாக அதன் உரிமையாளர் சர் ஹென்றி வேன்-டெம்பஸ்ட், ஜார்ஜ் ஸ்டப்ஸிடம் ஓவியம் வரையப் பணித்தார்.

1800இல் முடிவுற்ற அவ்வோவியம், இன்று வட அயர்லாந்தின் மவுன்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் உள்ளது. பன்னிரண்டு அடி அகலமுள்ள அத்திரையில் வெற்றிக் களிப்பின் சாயல்கூட இல்லை. காதுகள் பின்மடிந்து, வாய் பிளந்து, கால்கள் தடுமாற நிற்கிறது குதிரை. ஓட்டியவரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. கடிவாளம் பற்றிய பணியாளும், துடைக்கும் துணியோடு நிற்கும் சிறுவனும் நம்மையே பார்க்கின்றனர். குதிரைகளை அறுத்துப் பார்த்து 1766இல் உடற்கூற்று நூல் வெளியிட்டவர் ஸ்டப்ஸ். அவருக்குக் குதிரையின் நிலைப்பாடு தெரியாதிருந்திருக்க இயலாது. ஆயினும் ஒரு பக்கத்து இரு கால்களையும் தரையினின்று உயர்த்தியே தீட்டினார். இதைப் பிழை என்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. குருதியைக் காட்டாமலே காயத்தைச் சொல்ல அவர் கண்ட வழி அது. கூலிக்காக அவர் 1801இல் நீதிமன்றம் ஏற நேர்ந்தது.

இக்குதிரையின் ஆண்வழி மூதாதை, 1704இல் நம் ஹலப் நகரிலிருந்து இங்கிலாந்து சென்ற டார்லி அரேபியன். அக்குதிரை புறப்பட்ட உலகில் பந்தயத்திற்கு வேறோர் அளவுகோல் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) வாயிலாகப் புகாரி பதிவு செய்கிறார். பயிற்சியால் உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை, ஏறத்தாழ ஆறு மைல். அப்பயிற்சி பெறாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. குதிரையின் உடல்நிலையே தொலைவை முடிவு செய்தது.

இந்த ஹதீஸை நம்மவர் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் பந்தயம் ஆகுமானது என்று நிறுவுவதற்கே. சூதாட்டம் கலவாதிருந்தால் போதும் என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. இரு தொலைவுகள் ஏன் என்று வினவுவோர் அரிது. அப்போது பணயம் தடை செய்யப்பட்டிருந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்றக் கூட்டமைப்பை, நெடுந்தொலைவுப் பந்தயங்களில் குதிரைகளின் நலன் பேணப்படாமை உள்ளிட்ட காரணங்களால் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2015 மார்ச்சில் இடைநீக்கம் செய்தது. சூது அங்கே இல்லை; கொடுமை இருந்தது.

மேலைநாட்டுச் சீர்திருத்தமும் பெரிதும் எண்ணிக்கையைச் சார்ந்தே நிற்கிறது. பிரிட்டனில் 2023 முதல், சமதளப் பந்தயத்தில் ஆறு அடி, தடைதாண்டும் பந்தயத்தில் ஏழு அடி வரை அனுமதி. ஏழாவது அடியை வாங்கும் குதிரை எந்நிலையில் இருக்கிறதென்பதை அவ்வெண்ணிக்கை கேட்பதில்லை. ஸ்டப்ஸின் பணியாளும் சிறுவனும் நம்மை நோக்கி நிற்பது அதைக் கேட்கத்தான்.