சுப்பாராவின் ஆய்வுக் கணக்கு

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் மருத்துவக் கல்லூரி இருப்பதால், கோவளம்–கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் சில நாள் பேச்சு மீனையும் மழையையும் விட்டு வேறெங்கோ போய்விடும். "எங்க சாருக்கு ரெண்டாயிரம் சைட்டேஷன்" என்றது ஒரு குரல். "எங்க மேடத்துக்கு எச்-இண்டெக்ஸ் இருபத்தஞ்சு" என்றது இன்னொன்று. அந்த ஆசிரியர்கள் எந்த மருந்தை ஆராய்கிறார்கள், எந்த நோய்க்காக என்ற பேச்சு நான் இறங்கும்வரை வரவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்கிறார்கள். 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசை, கல்லூரிகளின் கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் எண்ணி மதிப்பெண் போடுகிறது. எண் இருந்தால்தான் ஆள் இருப்பதாகக் கணக்கு. அப்படியானால் அந்த எண்ணையே ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். அதற்கு, வேலை முழுவதும் முடிந்துபோன, விளைவுகள் தெளிவாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ் அதற்குப் பொருத்தமானவர். பட்டத்தால் உயிர்வேதியியலாளர்; பிற்காலத்தில் செய்த வேலையால் மருந்து ஆராய்ச்சியாளர்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று சென்னையில் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைசிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை; கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். 1930இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தார். 1948 ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தபோது வயது 53.

எடுத்த எடுப்பில் அவருடைய மேற்கோள் கணக்கு யாரையும் மலைக்க வைக்கும். 1925இல் சைரஸ் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி'யில் பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இரத்தத்திலோ திசுவிலோ உள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து ஒடுக்கினால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. அதற்கு முன்பும் இத்தகைய முறைகள் இருந்தன. இது வேகமானது, நம்பகமானது. பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் ஆய்வகங்கள் இதைக் கையாண்டன. கையாண்டவர்கள் எல்லாம் கட்டுரையின் அடியில் அந்த இரண்டு பெயர்களையும் எழுதினார்கள். உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்று.

ஆனால் இந்த எண் எதை அளக்கிறது? கோவளம் கரையில் ஏலம் போடும்போது மீனுக்குத்தான் விலை சொல்வார்கள். வலை பின்னியவன் பெயரை யாரும் கூவுவதில்லை. அறிவியலில் அதற்கு நேர்மாறு. வலை பின்னியவனை ஒவ்வொரு ஏலத்திலும் சொல்கிறார்கள். ஆழ்கடலில் புது மீனைக் கண்டவன் பெயர் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடுகிறது. உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை எது என்று 2014இல் 'நேச்சர்' இதழ் பட்டியலிட்டபோது, மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோளுடன் முதலிடத்தில் நின்றது புரதத்தை அளக்க ஆலிவர் லோரி 1951இல் எழுதிய முறை. லோரியும் ஒரு மருந்தியல் துறைத் தலைவர். அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரையல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் எண்ணிக்கை உண்மையானதுதான். அது நிரூபிப்பது கருவியின் பயனை, கண்டுபிடிப்பின் ஆழத்தை அல்ல.

ஆழம் அதே கருவியைக் கொண்டு செய்த அடுத்த வேலையில் இருக்கிறது. தசையில் எளிதில் உடையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று இருப்பதைக் இங்கிலாந்தில் எக்கில்டன் தம்பதியும் ஹார்வர்டில் இவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டார்கள். அது கிரியேட்டினோடு இணைந்த பாஸ்பேட் என்று 1927இல் காட்டியவர்கள் ஃபிஸ்க்கும் சுப்பாராவும். தசை சுருங்க லாக்டிக் அமிலமே காரணம் என்று கருதப்பட்ட, அந்த அமிலம் பற்றிய ஆய்வுக்கு 1922ஆம் ஆண்டு நோபல் பரிசே போயிருந்த காலம் அது. அந்தக் கருத்தின் அடித்தளம் ஆட ஆரம்பித்தது. 1929இல், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே ஏ.டி.பி. நிற்கிறது. அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகி அறிவில் கரைந்துவிட்டால் அதன் மேற்கோள் நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். அதாவது, வெற்றி முழுமையானால் எண் குறைகிறது. சுப்பாராவின் கணக்கில் பெரிய விஷயத்துக்குச் சிறிய எண்ணும், சிறிய விஷயத்துக்குப் பெரிய எண்ணும் நிற்பது இதனால்தான்.

இன்னொரு முரணையும் கவனிக்க வேண்டும். 2005இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸ், ஒருவரின் இத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் பெற்றனவா என்று பார்க்கிறது. பல்லாயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் அதில் ஒன்றே ஒன்று. மொத்த மேற்கோளில் மலையாக நிற்பவரை இந்தக் குறியீடு மேடாக்கிவிடும். ஒரே ஆளை, ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு எண்கள் இரண்டு தீர்ப்புச் சொல்கின்றன. ஆட்டோவில் எண்களை ஒப்பிட்டவர்கள் ஒருவர் மொத்தத்தையும் மற்றவர் எச்-இண்டெக்ஸையும் சொன்னதை இப்போது நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மருந்துகள். எண் இங்கே தடுமாறவில்லை, அடியோடு தவறுகிறது. லெடர்லேயில் சுப்பாராவ் ஆய்வு இயக்குநர். 1945இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டதை அறிவித்த கட்டுரையில் 16 பெயர்கள். அவர் அவற்றில் ஒருவர். அதன் தொடர்ச்சியாக, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரினை அவருடைய குழு தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். புற்றுநோய் வேதிச்சிகிச்சையின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அமினோப்டெரினின் உறவுக்காரனான மெத்தோட்ரெக்ஸேட் இன்று புற்றுநோய்க்கும், வாரம் ஒருமுறை சிறிய அளவில் மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது. எந்த மருந்துச்சீட்டிலும் மேற்கோள் எழுதும் பழக்கம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது டி.இ.சி. எனப்படும் டைஎத்தில்கார்பமாசின், அன்றைய வணிகப் பெயரில் ஹெட்ராசான். யானைக்கால் நோய்க்கான இந்த மருந்தை 1947இல் லெடர்லே குழு வெளிக்கொண்டு வந்தது; அந்தக் கட்டுரையில் சுப்பாராவின் பெயரும் உண்டு. அரசு ஊழியர்கள் வீடுவீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்த யானைக்கால் மாத்திரையில் இருந்தது இதுதான். இரத்தத்தில் திரியும் இளம்புழுக்களை ஒழிப்பதில் இது வலுவானது. ஏற்கெனவே வீங்கிய காலை இது பழைய நிலைக்குக் கொண்டுவராது. நோய் பரவுவதைத் தடுக்கும். கோடிக்கணக்கானோர் விழுங்கிய மாத்திரை; அவர்கள் விழுங்கியதற்கு எந்த மேற்கோள் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு அவரைத் தெய்வமாக்க ஒருவர் கிளம்பலாம். அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏ.டி.பி. கண்டுபிடிப்பில் ஜெர்மனியின் கார்ல் லோமன் அதே 1929இல், சற்று முன்பாகவே வெளியிட்டுவிட்டார்; பெருமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். லெடர்லேயின் ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தந்த மண்ணுயிரியை இனங்கண்டவர் பெஞ்சமின் டக்கர்; சுப்பாராவின் பங்கு அந்தத் தேடலை நடத்திய இயக்குநருடையது. ஃபோலிக் அமில வேலையில் உடனிருந்த வேதியியலாளர்களை ஓரங்கட்டினால் அது இன்னொரு அநியாயம். 'நோபல் பறிக்கப்பட்ட மேதை' என்ற கதை நம் மேடைகளில் கைதட்டல் வாங்கும். ஆதாரம் கேட்டால் தடுமாறும்.

அதே நேரத்தில் அவருடைய கட்டுரைப் பட்டியல் ஏன் குறுகியது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஹார்வர்டில் அதே ஆய்வகத்தில் இருந்து, 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை ஃபிஸ்க் வெளியிட விடாததால் பின்னர் வேறு சிலர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பதிவு செய்திருக்கிறார். அச்சேறாத ஆய்வுக்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை. ஆக, பட்டியலில் இருப்பது ஆய்வாளர் செய்தது மட்டுமல்ல. மேலே இருந்தவர் அனுமதித்ததும்கூட. இன்று இதற்கு எதிர்த்திசையிலும் ஆபத்து வந்திருக்கிறது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைக் கொண்டு கட்டுரை எழுத வைத்து, தங்கள் கட்டுரைகளையே தாங்கள் மேற்கோள் காட்டி எண்ணைப் பெருக்கிக்கொள்வதாக 2023இல் 'சயின்ஸ்' இதழில் விசாரணைச் செய்தி வந்தது. அடக்கினால் எண் சுருங்கும், கூட்டுச் சேர்ந்தால் பெருகும் என்றால், எண்ணை மட்டும் நம்பி எப்படித் தீர்ப்பு எழுதுவது?

என் முடிவு இது. சுப்பாராவின் மேற்கோள் செல்வாக்கு ஒரு முறைக்கானது. அந்த முறையின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கிரியேட்டின் பாஸ்பேட்டில் அவருக்கு உறுதியான பங்கு, ஏ.டி.பி.யில் பகிர்ந்துகொள்ள வேண்டிய பங்கு. டி.இ.சி.யிலும் ஃபோலிக் அமில எதிர்மருந்துகளிலும் குழுவைத் தேர்ந்து, திசைகாட்டி, நடத்தியவருக்குரிய பங்கு. அவரை முதல் வரிசையில் உட்கார வைப்பது இந்தக் கடைசிப் பங்குதான். எந்த எண்ணாலும் எட்ட முடியாததும் அதுவே. மேற்கோள் எண்ணை வீசி எறியச் சொல்லவில்லை. ஒரு வேலை பிறர் கைக்குப் போனது என்பதற்கு அது நல்ல சாட்சி. சாட்சியை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் பிழை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் மருந்தியல் துறைக்கு ஆளெடுப்பவர்கள் எண்ணைக் கேட்கட்டும். அதன்பின் உங்கள் கட்டுரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதைப் படித்தவர் அடுத்து என்ன செய்தார் என்று சொல்லுங்கள் என்றும் கேட்கட்டும். 1925ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தவர் பாஸ்பரஸை அளந்தார். 1947ஆம் ஆண்டுக் கட்டுரையின் பயன், அதைப் படிக்காதவர் வீட்டு வாசலுக்கும் மாத்திரையாக வந்தது. இந்த இரண்டு பதில்களையும் ஒரே எண்ணில் எழுத முடியாது.