நாற்காலி கைமாறும் கதை: ஒரு கால்பந்து அணியின் கோச் வரலாற்றை எப்படி ரசிப்பது?

திண்டுக்கல்லில் அணி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டிராகன்ஸ்தான். 2024-ல் அஸ்வின் தலைமையில் டி.என்.பி.எல். கோப்பையை வென்ற அணி, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் அதன் வீடு. கிரிக்கெட் பார்த்தே பழகிய நமக்கு ஒரு வசதி உண்டு. முடிவுகள் நம் கண்ணெதிரே எடுக்கப்படுகின்றன. பந்தை யாரிடம் கொடுப்பது, ஸ்லிப்பில் ஆள் வேண்டுமா என்பதையெல்லாம் கேப்டன் களத்தில் நின்றே தீர்மானிக்கிறார். கால்பந்தில் அந்த வேலையில் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சுடையது. ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர் கையில் மிஞ்சுவது குரலும், ஐந்து மாற்று ஆட்டக்காரர்களும் மட்டுமே. அவருடைய உண்மையான வேலை அதற்கு முந்தைய நாட்களிலேயே முடிந்திருக்கும்.

அதனால்தான் ஒரு கால்பந்து அணியின் வரலாற்றைக் கோப்பைப் பட்டியலாகப் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்த நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களின் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எந்த கோச்சும் வெறும் மைதானத்துக்கு வருவதில்லை. முன்னவர் விட்டுப்போன ஆட்களும் பழக்கங்களும் காயங்களும் அவருக்காகக் காத்திருக்கும். அவர் போகும்போதும் எதையோ விட்டுப்போவார். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கப் பழகுவதுதான் ரசனையின் முதல் பாடம். நம் ஊர் அணிகளை வைத்தே அதைப் பழகலாம்.

1. முதலில் ஒரு தாள் போடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போதும். பெயர், வந்த நாள், போன நாள், போன விதம். நான்காவது கட்டத்தை யாரும் எழுதுவதில்லை. சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து போனாரா, நடுவில் நீக்கப்பட்டாரா, தானாக விலகினாரா, வேறு அணி கூட்டிக்கொண்டு போனதா?

சென்னையின் எஃப்.சி.யை எடுத்துக்கொள்வோம். 2014-ல் தொடங்கிய அணி. முதல் கோச் இத்தாலியின் மார்கோ மெட்டராசி. 2017-ல் இங்கிலாந்தின் ஜான் கிரிகோரி. 2019 டிசம்பரில் ஓவன் காயில். 2020-21 சீசனுக்கு சாபா லாஸ்லோ. அடுத்த சீசனுக்கு போஜிதார் பாண்டோவிச். 2022-ல் தாமஸ் பிரடாரிச். 2023-ல் மறுபடியும் காயில். 2025-ல் கோவாவின் க்ளிஃபர்ட் மிராண்டா. முதல் ஐந்து ஆண்டுகளில் இரண்டே பேர் முழுதாக வேலை பார்த்திருக்கிறார்கள். அணியின் இரண்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பைகளும் அந்தக் காலத்தவை. 2020-21 முதல் மூன்று சீசன்களில் நாற்காலியில் மூன்று பேர். மூன்று முறையும் எட்டாவது இடம். இன்னும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அந்தத் தாள் உங்களிடம் ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டது.

2. என்ன வாங்கினார், என்ன விட்டுப்போனார்?

2018 மார்ச் 17. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். சொந்த மைதானம் பெங்களூருக்குப் பின்னால் நிற்கிறது. அங்கிருந்து மீண்டு 3-2 என்று சென்னையின் எஃப்.சி. வென்றது. மைல்சன் ஆல்வஸ் இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அன்று கிரிகோரியைப் புகழாதவர் இல்லை, புகழ் நியாயமானதுதான். ஆனால் கோல் போட்ட இருவரையும் கவனியுங்கள். இருவருமே 2015-ல் மெட்டராசியின் கோப்பை அணியிலேயே இருந்தவர்கள். 2017-18 சீசனில் கோல்களை அள்ளிய ஜேஜே 2014 முதலே அணியில் இருந்தவர். கிரிகோரியின் வெற்றிக்குள் மெட்டராசியின் பங்கும் இருக்கிறது.

கிரிகோரியின் கைவண்ணம் எது என்றால், மைல்சனின் இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து தலையால் முட்டியவை. யார் கார்னரை எடுப்பது, பந்து எங்கே விழ வேண்டும், யார் தடுப்பாளரை இழுத்துக்கொண்டு போக வேண்டும், யார் ஓடி வந்து எம்ப வேண்டும் என்பதெல்லாம் வாரக்கணக்கில் பயிற்சியில் பழகியவை. ஒரு கோச்சின் கையெழுத்தை டி.வி.யில் தேட வேண்டுமானால் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் தேடுங்கள். ஆட்டம் நின்று, எல்லோரும் சொன்ன இடத்தில் நிற்கும் தருணம் அதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உலகத்திலேயே அழகான உதாரணம் இங்கிலாந்தின் அன்றைய நான்காவது டிவிஷனில் கிடைக்கிறது. வடகிழக்குக் கடற்கரையில் ஹார்ட்லிபூல் என்ற சிறு துறைமுக ஊர். 1965-ல் அந்த ஊர் அணிக்கு முப்பதே வயதான பிரையன் கிளஃப், நண்பர் பீட்டர் டெய்லரோடு வந்து சேர்ந்தார். பணமில்லாத அணி. அணியின் பேருந்தைத் தானே ஓட்ட கிளஃப் உரிமம் வாங்கினார். நான்காவது டிவிஷனின் அடிவாரத்தில் கிடந்த அணி 1967-ல் எட்டாவது இடத்துக்கு வந்தது. அதோடு அவர் டெர்பிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனிலேயே ஹார்ட்லிபூல் தன் வரலாற்றில் முதல் முறையாக மேல் டிவிஷனுக்கு ஏறியது. அப்போது நாற்காலியில் இருந்தவர் கஸ் மக்லீன். உழுதவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். கிளஃப் பதினாறு வயதில் களமிறக்கிய ஜான் மக்கவர்ன், பின்னாளில் அதே கிளஃபின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு கேப்டனாகி 1979, 1980 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை ஏந்தினார். ஹார்ட்லிபூலின் அலமாரியில் அந்தக் கோப்பைகள் இல்லை. ஆனாலும் அந்த ஊருக்கு அதில் பாத்தியதை உண்டு.

3. ஒரே ஆளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்

கிரிகோரி இந்தியாவுக்கு வருவதற்கு முன் பல படிகளில் நின்றவர். மூன்றாவது டிவிஷனில் விகம் வாண்டரர்ஸ், பிரீமியர் லீகில் ஆஸ்டன் வில்லா, பிறகு மறுபடியும் கீழே க்ராலி டவுன். அப்படிப்பட்டவர் கோப்பை வென்ற அடுத்த சீசனில், 18 ஆட்டங்களில் 9 புள்ளியோடு அதே அணி கடைசி இடத்தில் முடிந்தது. ஒரே ஆண்டில் முதலிலிருந்து கடைசிக்கு.

அவசர ரசிகர் இங்கே தீர்ப்பு எழுதிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். கேப்டன் ஹென்ரிக் செரேனோ அணியை விட்டுப் போயிருந்தார். நடுக்களத்தில் எதிரியின் பந்தைப் பறித்துத் தந்த சென்னைப் பையன் தனபால் கணேஷ் காயத்தில் கிடந்தார். இரண்டே இரண்டு கண்ணிகள் அறுந்தால் ஒரு அணி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க அந்த சீசனைவிட நல்ல பாடம் கிடையாது. அதே கிரிகோரி அந்த சீசன் முடிந்த கையோடு சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார் என்பதையும் தாளில் எழுதுங்கள். தோற்ற சீசனைத் தாண்டிக் குதிக்கும் ரசிகருக்கு வென்ற சீசனும் முழுதாகப் புரிவதில்லை.

4. சீசன் நடுவில் கோச் மாறினால் விடாதீர்கள்

சீசன் தொடக்கத்தில் கோச் மாறினால் ஆட்களும் மாறிவிடுவார்கள். யாரால் என்ன மாறியது என்று பிரித்தறிவது கடினம். நடுவில் மாறும்போது ஆட்கள் அப்படியே இருக்க, நாற்காலியில் இருப்பவர் மட்டும் மாறுகிறார். ரசிகருக்கு இதைவிடத் தெளிவான காட்சி அமையாது.

2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் எஃப்.சி. ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் கிரிகோரி விலகினார். சில நாட்களில் வந்தவர் ஓவன் காயில். 2009-ல் சின்னஞ்சிறு பர்ன்லியைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர். அதே ஆட்கள்தான். லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கினார். நான்காவது இடத்தில் முடித்த அணி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று தாண்டியது. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14-ல், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்தது, ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோல்வி.

கோப்பைப் பட்டியலில் அந்த சீசனுக்கு வரியே கிடையாது. ஆனால் அந்த அணியின் கோச் வரலாற்றில் அதைவிட ரசிக்கத்தக்க மூன்றரை மாதம் எனக்குத் தெரிந்து இல்லை. பயந்து பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த கால்கள் முன்னோக்கி ஓடத் தொடங்கியதைப் பழைய ஆட்டப் பதிவுகளில் இன்றும் பார்க்கலாம். நவம்பர் ஆட்டம் ஒன்றையும் பிப்ரவரி ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பந்து கிடைத்ததும் முதல் பாஸ் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

5. காலத்தின் கையையும் கணக்கில் சேருங்கள்

எல்லாவற்றையும் கோச்சின் தலையில் கட்டுவதும் தவறு. 2015-ல் மெட்டராசியின் அணி பத்து ஆட்டங்களில் பத்துப் புள்ளியோடு அடியில் கிடந்து, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அப்போது சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புனேக்குப் போனது. இறுதி ஆட்டத்தில் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் ஒரு சேம்சைடு கோல், பிறகு மெண்டோசாவின் கோல் என்று 3-2. அந்த மாலையில் திறமை எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாத இடத்தில் வியக்கத் தெரிவதும் ரசனைதான்.

லாஸ்லோவின் சீசனையும் இப்படியே அணுகுங்கள். கோவாவில் அடைபட்டு, ஆளில்லாத மைதானங்களில் ஆடிய 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 டிரா. வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்தால் மோசம். ஆனால் 14 ஆட்டங்களில் தோற்கவில்லை. தடுக்கத் தெரிந்த அணி, கோல் போட ஆளில்லாத அணி. வால்ஸ்கிஸ் காயிலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார் என்ற தகவலைப் பக்கத்தில் வைத்தால் அந்த எண்ணின் காரணம் விளங்கும்.

6. பக்கத்து நாற்காலியையும் பாருங்கள்

வெளிநாட்டு கோச்சுகள் வந்து போகும்போது பக்கத்திலேயே இருந்தவர் சையத் சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர், சென்னையில் இந்தியன் வங்கி அணியோடு வாழ்ந்தவர். 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களை ஏற்று நடத்தியவர் அவர்தான். இப்படிப்பட்டவர்களின் பெயர் பட்டியலில் சிறிய எழுத்தில் 'இடைக்காலம்' என்று நிற்கும். ஆனால் புது கோச் வந்ததும் எந்தப் பையன் எப்படிப்பட்டவன், யாருக்கு எந்த முழங்கால் வலி என்று சொல்லக்கூடியவர் அவர். அணியின் ஞாபகம் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கத்து நாற்காலியில்தான்.

7. ஒரே சீசனில் எரிந்து வெளிச்சம் தந்தவர்களை மறக்காதீர்கள்

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை நடந்திருக்கிறது. ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று பேருந்து ஏறினால் கோவை. அங்கே நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாக்கி ஐ-லீக் ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18-ல் எட்டாவது இடம். 2018-19-க்கு வந்தார் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து நான்கு பேர், சுற்றிலும் நம் பையன்கள். முன்னால் பெட்ரோ மான்சி, 21 கோல். நடுவில் நெஸ்டர், பக்கவாட்டில் ரொமாரியோ, எட்வின் வான்ஸ்பால்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால். நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளைவரை அதே நிலை. இரண்டாம் பாதியில் மான்சியின் பெனால்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல், 3-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. 43-க்கு 42. டிரா ஆகியிருந்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகப் பெரிய அணிகளுக்குப் போனார்கள், நவாஸும் போனார், 2021-22 ஐ-லீகில் அந்த அணியே இல்லை. இதைச் சோகக்கதையாக மட்டும் படிக்க வேண்டாம். ரொமாரியோ கோவாவுக்கும் எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும் போய் ஐ.எஸ்.எல். ஆடினார்கள். நவாஸ் விட்டுப்போன சொத்து மற்ற அணிகளின் கணக்கில் சேர்ந்தது. ஹார்ட்லிபூலின் பாத்தியதையைப் போலவே கோவைக்கும் அதில் பாத்தியதை உண்டு.

8. நம் ஊர் மைதானத்துக்கு இந்தத் தாளைக் கொண்டுபோங்கள்

சிறுமலை அடிவாரத்திலும் நகருக்குள்ளும் மாலையில் பந்து உருளும் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு கோச் வரிசை இருக்கிறது. பெரும்பாலும் அது பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டரில் தொடங்கும், பிறகு வேலைக்குப் போய்த் திரும்பிய பழைய கோல்கீப்பர், சனி ஞாயிறு மட்டும் வந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன் என்று நீளும். ஹார்ட்லிபூலின் வரலாறு நமக்குக் கிடைக்கிறதென்றால், அந்த ஊரில் யாரோ தேதி போட்டு எழுதி வைத்ததால்தான். நம் ஊர் வரிசையைத் தெரிந்தவர்கள் டீக்கடையில் சொல்வார்கள். கேட்டு எழுதிவிடுங்கள். யார் எந்தப் பையனை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார், எந்த ஆண்டு, அவன் பிறகு எங்கே போனான் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

இனி ஒரு கோச் நீக்கப்பட்டார் என்ற செய்தியைப் படித்தால், சரியா தவறா என்ற சண்டைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் கையில் கிடைத்தது என்ன? இவர் காலத்தில் தற்செயலாக நடந்தது எது? அடுத்தவருக்கு இவர் வைத்துவிட்டுப் போவது என்ன? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிய ஒரு சீசனோ இரண்டு சீசனோ ஆகும். அதுவரை அந்த அணியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்தான் ரசிகர்.