ஊசியும் உள்ளங்காலும்

பிறேசில் நாடு 1964 தொடக்கம் 1985 வரை படைத்துறை ஆட்சியின் கீழ் இருந்தது. 1968 டிசெம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டத்தின் பின்னர்ப் பேரவை மூடப்பட்டது. அரசியற் குற்றஞ் சாட்டப்பெற்றோர் ஆட்கொணர்வு மனு உரிமையையும் இழந்தனர். தணிக்கையும் சித்திரவதையும் மலிந்த அந்நாளில், வாயாற் சொல்லவியலாததை உடம்பாற் சொல்ல முற்பட்டோருள் லெற்றீசியா பரென்ரே ஒருவர். 1930இற் பிறந்த இவர் இரசாயனவியற் பேராசிரியை. நாற்பது வயது கடந்த பின்னரே கலை பயிலத் தொடங்கினார்.

1975இல் அவர் ஆக்கிய 'பதிவுபெற்ற வணிகக்குறி' என்னும் விடியோப் படம் ஏறத்தாழப் பத்து நிமிட அளவினது. பெண்ணொருத்தி வெறுங்காலுடன் வந்து அமர்கின்றாள். ஊசியிற் கரிய நூலைக் கோக்கின்றாள். தன் உள்ளங்காற் தோலில் எழுத்தெழுத்தாகத் தைக்கின்றாள். 'மேட் இன் பிறேசில்' என்பதே அவள் தைத்த தொடர். வெட்டித் தொகுக்கும் வசதி அக்கலைஞர்கட்கு அன்று இருந்திலது. அக்குறையே படத்திற்கு நிறைவாயிற்று. ஊசி புகும் ஒவ்வொரு கணத்தையும் காண்போர் இருந்தே தீரவேண்டும்.

முன்னிரு சொற்களும் ஆங்கிலம். நாட்டின் பெயரோ ஆங்கிலேயர் இடும் 'இசெட்' நீங்கிப் போர்த்துக்கேய 'எஸ்' பெற்றது. ஏற்றுமதிப் பண்டத்தின் முத்திரையும் தாய்மொழியின் தடமும் ஒரே தையலிற் கலந்துள்ளன. மாட்டுக்கு இடும் குறிசுடுதலை இது நினைவூட்டும் என்பர். ஆயின் குறிசுடுபவன் வேறு, சுடப்படும் விலங்கு வேறு. இங்கோ இருவரும் ஒருத்தியே. அடக்குமுறை வெளியே நிற்கும் காவலனிடம் மட்டும் இல்லை. அடங்கியவர் தம் கையாலேயே தம்மைக் குறித்துக்கொள்ளும்போதுதான் அது முற்றுப்பெறுகின்றது. அதனைக் காட்டப் பெண்களுக்கு வீட்டிற் பழக்கப்பட்ட தையலையே தேர்ந்தமை இப்படத்தின் நுட்பம். நோவைக் காட்டி இரக்கம் தேடும் முயற்சி என இதனைத் தள்ளுவோர், அக்கையின் நிதானத்தைக் கவனித்திலர்.

அதே ஆண்டின் 'ஆயத்தம்' என்னும் படத்தில் அவர் வாயையும் கண்களையும் ஒட்டுநாடாவால் மூடி, அதன்மேல் உதடும் விழியும் வரைகின்றார். கருத்து உடனே விளங்கிவிடுகின்றது. விளங்கியபின் தங்குவது குறைவு.

1982இன் 'பணி' என்னும் படமே நெஞ்சை உறுத்துவது. உடையணிந்தபடி அழுத்துமேசையிற் கிடக்கும் பரென்ரேயை, கருநிறப் பணிப்பெண் ஒருத்தி துணியை அழுத்துவதுபோல் அழுத்துகின்றாள். அடக்கப்பட்ட உடம்பு எது? கிடப்பதா, நின்று உழைப்பதா? பணிப்பெண்ணின் முகம் திரையில் வருவதில்லை. அதுவும் திட்டமிட்டதோ, அன்றித் தலைவியின் கண்ணுக்கே அது தப்பியதோ என்பதைப் படம் சொல்லவில்லை.