எடுத்தலும் விடுத்தலும்

படத்தை 'எடுத்தல்' என்பது தமிழ் வழக்கு. நோன்பிலோ ஒன்றை விடுதலே முறை. உணவை விடுவர், ஊனை விடுவர், சிலர் வெற்றிலையையும் விடுவர். ஆகவே, தவக்காலத்தின் ஒவ்வொரு நாளும் நகர வாழ்க்கையைப் படமெடுத்து, அதனையே நோன்பாகக் கொள்ளலாம் என்னும் வழக்கம் பரவியுள்ள இந்நாளில், எடுப்பவர் எதனை விடுகிறார் என்னும் வினா எழுவது இயல்பே.

2010களில் அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் முயற்சியொன்று இதனைப் பரப்பிற்று. திருநீற்றுப் புதன் தொடங்கி நாளுக்கொரு சொல் தரப்படும். அச்சொல்லுக்கேற்ற படம் ஒன்றை எடுத்துப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். படச்சுருள் காலத்தில் சுருள் ஒன்றுக்குப் பெரும்பாலும் 36 படங்களே. ஞாயிறுகள் நீங்கலான நாற்பது நாள்களுக்கும் அது போதாது. பற்றாக்குறையே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. கைப்பேசியில் அத்தடை இல்லாமையால், நாளுக்கு ஒன்று என்னும் விதியே எஞ்சியுள்ள ஒறுத்தல். ஐம்பது எடுத்து ஒன்றைத் தேர்பவர் அவ்விதியைக் காப்பவர் ஆகார்.

படத்தைக் கொண்டு தவம் செய்தல் திருச்சபைக்குப் புதிதன்று. கத்தோலிக்க ஆலயச் சுவர்களில் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கு உள. அவ்வெண்ணிக்கையை 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளெமெண்ட் உறுதிசெய்தார். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சிலுவைப்பாதையில் படம் மாறுவதில்லை. ஆண்டுதோறும் அதே பதினான்கின் முன் நிற்பவரே மாறுகிறார். புதிய முறையிலோ நாள்தோறும் படம் மாறுகிறது. பார்ப்பவர் மாறினாரா என்பது தெரிவதில்லை. 'தனிமை' எனச் சொல் வந்தால் ஆளில்லாத இருக்கை. 'ஒளி' என வந்தால் மெழுகுவத்தி. தலைப்பைக் கண்டதும் மனப்பாடப் பத்தியை எழுதத் தொடங்கும் மாணவன் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் எவரும் இக்குறையை உடனே அறிவர்.

இதற்கு மாற்று, சொல்லை விட்டு இடத்தைப் பற்றிக்கொள்வதாகும். ஜொகூர் பாருவில் அதற்கேற்ற இடம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூரை நோக்கி நெருக்கியடித்துச் செல்கின்றன. 2020ஆம் ஆண்டுத் தவக்காலம் பிப்ரவரி 26இல் தொடங்கியது. அன்று முதல் ஒருவர் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று அப்பாலத்தைப் படமெடுத்து வந்திருப்பின், அவர்க்கு இருபத்திரண்டாம் நாள் மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் எல்லை மூடப்பட்டு, பாலம் வெறிச்சோடிய நாள் அது. அன்றைய படத்தை மட்டும் தனியே காட்டினால் அதுவும் ஆளில்லாத இருக்கையைப் போன்றதே. முன்னிருந்த இருபத்தொரு நெரிசல் படங்களே அவ்வெறுமைக்குப் பொருள் தருகின்றன. சிங்கப்பூரில் தங்கிவிட்ட தந்தையும் ஜொகூரில் இருந்த பிள்ளைகளும் பிரிந்திருந்த காலத்தை எந்தச் சொற்பட்டியலும் முன்னறிந்து தந்திருக்க இயலாது. பாலம் பரவலாக மீண்டும் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1இல், அதுவும் தவக்காலமே.

மற்றொரு குறை இதனினும் கடுமையானது. நோன்பு என்னும் சொல்லின் வேர் 'நோன்', அஃதாவது பொறுத்தல். வள்ளுவர் தவம் என்னும் அதிகாரத்தில் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலோடு, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே இலக்கணம் வகுக்கிறார். ஐந்தடிப் பாதையில் உறங்கும் முதியவரின் முகத்தை எடுத்து 'இரக்கம்' எனப் பெயரிடுபவர் இப்பின்பகுதியை மறந்தவர். தோரோதியா லாங் 1936இல் எடுத்த புலம்பெயர் தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அத்தாயோ தம் பெயரையும் கேளாமல் எடுத்தனர் என 1978இல் மனம் வருந்திச் சொன்னார். புகழ் படமெடுத்தவர்க்கு, முகம் அவருடையது.

திருநீற்றுப் புதனன்று ஆலயங்களில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்திப் பகுதியோ, நோன்பிருப்பவர் அதனைப் பிறர் அறியாதவாறு முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்கிறது. நாள்தோறும் படத்தைப் பலர்க்குக் காட்டுவோர் இதற்கு என்ன விடை வைத்துள்ளனர்? 2025இல் ரமலான் மாதம் மார்ச் 2இலும் தவக்காலம் மார்ச் 5இலும் தொடங்கின. நகரத்தில் இலட்சக்கணக்கானோர் நோன்பிருந்தனர். ஆனால் படத்தில் அகப்படுவது மாலை நேர ரமலான் சந்தையே. பகற்பொழுதின் பசி அகப்படுவதில்லை. கருவிக்கு எட்டாத அதனை எட்டாததாகவே விட்டுவிடும் அடக்கம் படமெடுப்பவர்க்கு வேண்டும்.

பெரிய வெள்ளி ஜொகூரில் பொது விடுமுறை அன்று. 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் மாநில வார ஓய்வு நாள்களாக இருந்தமையால், அரசுப் பணியாளர்க்கு அந்நாள் தற்செயலாய் ஓய்வாயிற்று. உயிர்ப்பு ஞாயிறோ வேலைநாள். 2025 முதல் வார ஓய்வு சனி, ஞாயிறுக்கு மீண்டது. சிங்கப்பூரில் பெரிய வெள்ளி விடுமுறை. ஆதலின் அன்று மக்கள் வெள்ளம் எதிர்த்திசையில், பொருள் வாங்கவும் உண்ணவும் ஜொகூர் பாருவுக்குப் பாய்கிறது. பணம் வாங்கும் மேசைக்குப் பின்னே நின்று அவர்க்கு மீதிச் சில்லறை தருபவர் கிறிஸ்தவராயின், பிற்பகல் மூன்று மணிக்கும் அங்கேயே நிற்கிறார். அந்நாளுக்குரிய சொல் 'சிலுவை' என வந்தால் கோபுர உச்சியைத் தேடிச் செல்லும் கருவிகளே பல.