குலமும் கலிமாவும்

நாவல் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உளர். வரலாற்று நூல் கூறாது விடும் வீட்டுக் கூடத்தையும் அடுக்களையையும் நாவல் காட்டிவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். 1988-இல் நூலுருப் பெற்ற இரு நாவல்களை ஈண்டு நோக்குவோம்.

ஒன்று, ஹூய் இனத்து முஸ்லிம் பெண்மணி ஹுவோ தா சீன மொழியில் எழுதிய 'முஸ்லிமின் ஜனாஸா'. 1991-இல் மாவ் துன் விருது பெற்றது. பெய்ஜிங் நகரில் ஜேடு என்னும் மணிக்கல்லைச் செதுக்கி வாழும் ஒரு குடும்பத்தின் கதை. அவ்வீட்டுப் பெண் முஸ்லிமல்லாத ஆசிரியரை விரும்புகிறாள், தாய் தடுக்கிறாள். மார்க்கச் சட்டம் தாயின் பக்கமே. எனினும் அவள் பேச்சில் சட்டத்தினும் இனமே ஓங்கி ஒலிப்பதாக நமக்குப் படுகிறது. குடும்பத் தலைவரோ, தாம் பிறப்பால் ஹூய் அல்லர், முஸ்லிம் பெரியவர் ஒருவர் எடுத்து வளர்த்த அனாதை என்று இறுதியில் மனைவியிடம் வெளியிடுகிறார். வாழ்நாளெல்லாம் முஸ்லிமாக வாழ்ந்தவருக்கு ஏன் அந்த அச்சம்? ஈமான் இரத்தத்தில் ஓடுவதன்று என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாவலின் உயிர் இவ்விடமே. பெண்ணை இதய நோயால் மரிக்கச் செய்து வழக்கை முடித்துவிடுவது மட்டும் அதன் குறை.

மற்றொன்று, தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. வடக்கு வீட்டு முதலாளியின் குலப்பெருமைக்கு ஊரே பணிகிறது. சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது ஒருவரே நிமிர்ந்து நிற்கிறார். ஆங்கிலப் பள்ளி எதிர்க்கப்படுகிறது. போலித் தங்கள் போற்றப்படுகிறார். மதரஸாவில் ஓதிய நமக்கு அத்தங்களின் பகுதி உறுத்தவே செய்தது. பொய் என்பதாலன்று, மெய் என்பதாலேயே உறுத்தியது என்று பின்னர் உணர்ந்தோம்.

பெய்ஜிங்கிலும் தேங்காப்பட்டணத்திலும் நோய் ஒன்றே: குலத்தை தீன் என்று மயங்குதல். இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் களைந்தெறிந்த பெருமை அது. பாரசீகத்து ஸல்மானையும் (ரலி) அபிசீனியத்து பிலாலையும் (ரலி) தோழர்களாக ஏற்ற மார்க்கம் நம்முடையது. ஆயினும் நம் திருமயத்தில் பெண் பேசச் சென்றால் முதற்கேள்வி, "என்ன குடும்பம்?" என்பதே, "தொழுகை உண்டா?" என்பது பிறகுதான்.

நம் குறையை நாமே எழுதுவது சமுதாயத்தைக் காட்டிக்கொடுப்பதாகாது. இவ்விரு நூல்களையும் பிள்ளைகள் படிக்கட்டும். படித்தபின் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடைகூறப் பெற்றோரும் ஆயத்தமாகட்டும்.