துருக்கிய ‘-மிஷ்’: காலம் காட்டும் ஒட்டா, அறிந்த வழி காட்டும் ஒட்டா?

பகுதி, கால ஒட்டு, இட விகுதி எனத் துருக்கிய வினைமுற்று அமையும் முறை தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. இடர்ப்பாடு அதன் இறந்தகாலத்தில் எழுகிறது. ‘கெல்தி’, ‘கெல்மிஷ்’ ஆகிய இரண்டும் ‘வந்தார்’ என்றே பெயர்க்கப்படுகின்றன. (உயிரிசைவால் இவ்வொட்டுகள் பெறும் வடிவங்கள் தமிழ் எழுத்தில் முழுமையாகப் புலப்படா.)

முன்னதைத் ‘திட்டமான இறந்தகாலம்’ என்றும் பின்னதைத் ‘திட்டமற்ற இறந்தகாலம்’ என்றும் துருக்கியப் பள்ளி இலக்கணங்கள் வழங்குவதுண்டு. பின்னதன் பெயர் பொருந்தவில்லை. காலையில் சாளரத்தைத் திறந்து, தெருவெங்கும் பனி கிடக்கக் காண்பவர் ‘கர் யாமிஷ்’ என்பார். பனி பெய்ததில் அவருக்கு ஐயமே இல்லை. பெய்தபோது அவர் காணவில்லை, அவ்வளவே. பிறர்வாய்க் கேட்டதும் இவ்வொட்டாலேயே கூறப்படும். தன்மையிலும் இது வரும்: தன்னையறியாமல் கண்ணயர்ந்தவர் விழித்தபின் ‘உயுமுஷும்’ (உறங்கிவிட்டிருக்கிறேன்) என்பார். 11ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூத் அல்-காஷ்கரி தம் அகராதியில், பேசுபவர் கண்முன் நிகழ்ந்ததற்கு ஒன்று, அவர் இல்லாதபோது நிகழ்ந்ததற்கு மற்றொன்று என இவற்றைப் பிரித்துரைத்துள்ளார். பள்ளி இலக்கணப் பெயரீடு அத்தெளிவினின்று பின்வாங்கியதேயாகும்.

‘கண்ட இறந்தகாலம்’, ‘கேட்டறிந்த இறந்தகாலம்’ என்னும் மாற்றுப் பெயர்கள் மேலானவை. ஆயினும் அவையும் ‘இறந்தகாலம்’ என்பதை விடவில்லை. ‘கெலெஜெக்மிஷ்’ என்பது ‘வருவாராம்’. ‘தொக்தொர்முஷ்’ என்பது ‘மருத்துவராம்’. இவற்றில் இறந்தகாலம் எங்கே? இங்கு வருவது துணைவினை வழிப்பட்ட வேறு ஒட்டு என மறுக்கலாம், அம்மறுப்பு வலுவுடையதே. ஏனெனில் ‘பிஷ்மிஷ் எத்’ (வெந்த இறைச்சி) என்னும் எச்சத் தொடரில் அறிந்த வழி பற்றிய குறிப்பு எதுவுமில்லை. செயலின் விளைவு மட்டுமே உண்டு. எச்சம், முற்று, துணைவினை ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்காத இலக்கணம் கற்பவரைக் குழப்பவே செய்யும்.

‘-மிஷ்’ என்பதற்குத் தமிழ் ‘ஆம்’ நேரானது என்பதும் பாதியே உண்மை. பனியைக் கண்டவர் ‘பனி பெய்ததாம்’ எனின், யாரோ சொன்னதாகிவிடும். ‘பனி பெய்திருக்கிறது’ என்பதே தமிழ். துருக்கியம் ஓர் ஒட்டில் அடக்கியதைத் தமிழ் ‘ஆம்’, ‘இரு’ என இரண்டாகப் பகிர்ந்துகொள்கிறது. ஓரான் பாமுக்கின் நாவல்கள் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஆங்கில வினையின் இறந்தகால வடிவம் கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்துவதில்லை. ஆகவே தமிழிடம் உள்ள அவ்விரு கருவிகளும் அங்கே பயன்படும் வாய்ப்பே அரிதாகிறது.