நாளுக்கொரு சீட்டு: சோதிடமும் டாரோவும் தற்சிந்தனைக் கருவிகளாதல்

சோதிடத்தைப் பற்றி முற்போக்குச் சிந்தனையாளர் எழுதிவந்தவற்றுட் பெரும்பாலானவை ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. கோள்கள் மனிதர் வாழ்வை நிர்ணயிக்கின்றனவா என்பதே அவ்வினா. அதற்கான விடை ஐயத்திற்கிடமற்றது. அதனை மீண்டுமொருமுறை நிறுவ முயல்வது பக்கங்களை வீணாக்குவதாகும். ஆயின், இன்று மேற்கு நாடுகளின் பெருநகரங்களிலே படித்த நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவியுள்ள வழக்கம் இவ்வினாவைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. காலையில் ஒரு டாரோச் சீட்டை எடுத்துப் பார்ப்பவர், அல்லது கைத்தொலைபேசியில் அன்றைய கிரகபலனை வாசிப்பவர், “இது எதிர்காலத்தைச் சொல்கிறது என்று நான் நம்பவில்லை, என்னைப் பற்றிச் சிந்திப்பதற்கு இதனைப் பயன்படுத்துகிறேன்” என்கிறார். அவருள் இடதுசாரிகளும் உளர், பெண்ணிலைவாதிகளும் உளர். அவரை மூடநம்பிக்கையாளர் என்றழைத்தால் அவர் சிரிப்பார். அச்சிரிப்பில் நியாயமும் உண்டு.

எனவே வினாவை மாற்றிக் கேட்டல் வேண்டும். நம்பிக்கையாக அன்றி வாசிப்பாக நிகழும் ஒரு செயலை ஆராயும் பொறுப்பு இலக்கிய விமர்சனத்தைச் சார்ந்தது. இங்கு ஒரு பனுவல் உண்டு, வாசகர் உண்டு, பொருள்கொள்ளும் முறையொன்று உண்டு. இப்பனுவல் தன் வாசகரை எவ்வாறு சிந்திக்கச் செய்கிறது? எதைச் சிந்திக்கவிடாது தடுக்கிறது? இவ்விரண்டுமே இங்கு ஆராயப்படுகின்றன.

‘எதிர்வுகூறல் அன்று, தற்சிந்தனையே’ எனும் இந்நிலைப்பாடு எங்கிருந்து தோன்றியது? பலரும் இதனை உளவியலின் வளர்ச்சியோடு, குறிப்பாக யுங்கின் செல்வாக்கோடு தொடர்புபடுத்துவர். அது பிழையன்று, ஆனால் போதாது. அதன் பிறப்பிலே நீதிமன்றத்திற்கும் ஒரு பங்குண்டு. இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் குறி சொல்வதாகப் பாசாங்கு செய்வோரைத் தண்டனைக்குரியோராக்கிற்று. அதே சட்டத்தின் அதே பிரிவுதான் வீடின்றித் திறந்தவெளியில் உறங்குவோரையும் குற்றவாளிகளாக்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. நிலத்தினின்றும் விரட்டப்பட்டு வீதிக்கு வந்த ஏழையும், அவருக்குக் குறி சொல்லிப் பிழைத்தவரும் ஆளும் வர்க்கத்தின் கண்ணுக்கு ஒரே வகையினராகவே தெரிந்தனர். ஒரு நூற்றாண்டின் பின்னர் இச்சட்டம் எதிர்பாராத ஓரிடத்தில் விளைவை உண்டாக்கிற்று. அலன் லியோ என்பார் இலண்டனில் சோதிடத்தை ஒரு நவீன வணிகமாக நடத்தியவர். ஒவ்வொரு கிரகநிலைக்குமுரிய பலன்களைத் தனித்தனித் தாள்களில் முன்கூட்டியே அச்சிட்டு வைத்து, வாடிக்கையாளரின் பிறப்பு விபரத்திற்கேற்ப அவற்றை ஒன்றுசேர்த்து, ஒரு சிலிங்கிற்குச் சாதகம் விற்றார். தொழிற்சாலை உற்பத்திமுறை வானசாத்திரத்துள் நுழைந்த தருணம் எனலாம். 1914இல் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. 1917இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டார். நிகழ்வுகளைக் கூறவில்லை, மனிதரின் இயல்புகளையும் போக்குகளையுமே கூறினேன் என்பது அவரது எதிர்வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அவர் காலமானார். ஆயினும் அவ்வாதம் வென்றது. குணமே விதி என்ற அவருடைய நிலைப்பாடே பிற்காலச் சோதிடத்தின் பொதுமொழியாயிற்று. 1936இல் வெளிவந்த டேன் ருட்யாரின் ஆளுமைச் சோதிட நூல் அதற்குத் தத்துவச் சாயலொன்றை வழங்கிற்று. இன்று அகவிடுதலையின் மொழியாகக் கொள்ளப்படுவது, ஒரு பாதியிலேனும், குற்றப் பத்திரிகைக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட தற்காப்பு மொழி.

பத்திரிகைச் சோதிடத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1930 ஓகஸ்ட்டில் பிறந்த இளவரசி மார்கரெட்டின் சாதகத்தை இலண்டன் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆர். எச். நெய்லர் என்பவரைக் கொண்டு எழுதுவித்தது. தொடர்ந்து அவர் எழுதியவற்றுள் பிரித்தானிய விமானமொன்றுக்கு நேரக்கூடிய ஆபத்து பற்றிய எதிர்வுகூறலும் இருந்தது. ஒக்டோபர் 5ஆம் திகதி ஆர்-101 ஆகாயக்கப்பல் பிரான்சில் வீழ்ந்து 48 பேர் மாண்டனர். நெய்லர் புகழ்பெற்றார், பத்தி நிலைத்தது. பிறந்த நேரமும் இடமும் வேண்டாத, பிறந்த திகதி மட்டுமே போதுமான பன்னிரு சூரிய இராசிப் பத்தி அத்தசாப்தத்தினுள்ளேயே உருப்பெற்றது. பத்திரிகையின் பத்தி அகலத்திற்கு அளவெடுத்துத் தைக்கப்பட்ட வானம் அது. உலகப் பொருளாதார மந்தத்தின் தொடக்க ஆண்டுகளிலே இது நிகழ்ந்தது தற்செயலன்று என்றே கொள்ள வேண்டும். நாளை வேலை இருக்குமா என்பது எவருக்கும் தெரியாத காலத்தில், நாளையைப் பற்றிய பத்திக்கு வாசகர் பஞ்சம் ஏற்படாது.

இப்பத்திகளை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஊன்றி வாசித்தவர் தியடோர் அடோர்னோ. 1952 நவம்பர் முதல் 1953 பெப்ரவரி வரை ‘லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நாளிதழில் கரல் ரைற்றர் எழுதிய பத்தியை அவர் ஆய்வுக்கெடுத்துக்கொண்டார். அவ்வாய்வு 1957இல் வெளிவந்தது. அதன் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு காலம் பற்றியது. ஒன்றோடொன்று முரண்படும் கோரிக்கைகளை இச்சமூகம் தனிமனிதர்மீது சுமத்துகிறது: உழை, ஆனால் மகிழ்ச்சியாயிரு, கீழ்ப்படி, ஆனால் தனித்தன்மையோடிரு, செலவிடாதே, ஆனால் வாங்கு. பத்தி இம்முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை. நாளின் வெவ்வேறு வேளைகளுக்குப் பங்கிட்டு விடுகிறது. முற்பகல் கடமைக்கு, பிற்பகல் களிப்புக்கு. ஒரே கணத்தில் நேர்கொண்டால் சமூக முரண்பாடாகத் தெரிய வேண்டியது, அடுத்தடுத்து வருவதால் வெறும் நேர அட்டவணையாகிவிடுகிறது. வாசகர் ஏதோவொரு நிறுவனத்தின் உதவித் தலைவர் போலப் பாவிக்கப்படுவதையும் அடோர்னோ சுட்டுகிறார். மேலதிகாரியின் தயவை எதிர்பார்த்திருக்கும் எழுதுவினைஞரை முடிவெடுக்கும் இடத்திலிருப்பவராக விளித்து உச்சிகுளிரச் செய்வது இப்பத்தியின் சொல்லணி.

ஆயினும் அடோர்னோவை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர் பத்தியை வாசித்தார், வாசகரைச் சந்திக்கவில்லை. பனுவலினின்றே வாசகரின் உள்ளத்தை ஊகித்தார். இவ்வரையறையை அவர் அறிந்தேயிருந்தார் எனினும், அவரது நடையில் ஒலிக்கும் ஏளனம் அவ்வறிதலை அடிக்கடி மறந்துவிடுகிறது. மக்கள் ஒரு பனுவலை எழுதியவர் கருதியபடியே வாசிக்கிறார்கள் என்று கொள்வது இயங்கியல் நோக்காகாது. ஃபோறர் 1949இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. 39 மாணவருக்கு அவரவர் ஆளுமை பற்றிய குறிப்பு எனக் கூறி, கடையில் வாங்கிய சோதிட நூலொன்றிலிருந்து பெரிதும் தொகுத்த ஒரே குறிப்பையே அவர் கொடுத்தார். அது தமக்குப் பொருந்துவதாக மாணவர் ஐந்துக்குச் சராசரியாக 4.26 புள்ளிகள் வழங்கினர். மக்களின் ஏமாளித்தனத்திற்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இலக்கிய மாணவருக்கு இது வேறொன்றையும் காட்டும். பொதுமையான ஒரு வாக்கியத்தைத் தன் வாழ்வினின்றும் எடுத்த செய்திகளால் வாசகர் நிரப்புகிறார். கவிதை வாசிப்பிலும் இதுவே நிகழ்கிறது. தற்சிந்தனையாளர் இவ்வாற்றலைத்தான் அறிந்தே பயன்படுத்துவதாகக் கூறுகிறார். ஆகவே அவருக்கான விமர்சனம் ஃபோறரிடம் இல்லை.

டாரோவுக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் தோன்றிய இச்சீட்டுக்கட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டுச் சீட்டாகவே இருந்தது. அது எகிப்தியரின் மறைநூல் என்ற கதையை 1781இல் கூர் த ஷெபலின் பாரிசிலே கட்டிவிட்டார். எகிப்திய எழுத்தை ஷம்பொலியோன் வாசித்தறிய அப்போது இன்னும் நாற்பதாண்டுகள் இருந்தன. மெய்யியலாளர் மைக்கல் டமெற் 1980இல் வெளியிட்ட விரிந்த நூலுக்குப் பின் இவ்வரலாறு பற்றி ஐயமில்லை. ஆனால் இன்று நாள்தோறும் எடுக்கப்படும் சீட்டு பெரும்பாலும் அவ்விளையாட்டுச் சீட்டோ ஷெபலினின் எகிப்தோ அன்று. அது 1909இல் இலண்டன் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு, அல்லது அதன் வழிவந்தது. அதற்கு முந்திய கட்டுகளிற் பெரும்பாலானவற்றில், 78 சீட்டுகளுள் 56 ஆகிய சிறுவரிசையின் எண் சீட்டுகள் இன்றைய விளையாட்டுச் சீட்டுகளைப் போலக் குறிகளை மட்டுமே கொண்டிருந்தன. ஆர்தர் எட்வர்ட் வெய்ற்றின் வேண்டுகோளின்படி பமெலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் அவை ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வரைந்தார். அவர் நாடக அரங்கோடு தொடர்புடையவர், கதைசொல்லி. அவருடைய சீட்டுகளில் மனிதர் ஏதோவொரு செயலின் நடுவில் உறைந்து நிற்கின்றனர். முன்னும் பின்னும் நிகழ்ந்ததை நாம் இட்டு நிரப்ப வேண்டியுள்ளது. டாரோ தற்சிந்தனைக் கருவியாக முடிந்ததற்குக் காரணம் வெய்ற்றின் மறைஞானமன்று. ஸ்மித்தின் கதைசொல்லும் தூரிகையே என்பது என் துணிபு. ஆனால் கட்டு நெடுங்காலம் வெளியீட்டாளர் பெயராலும் வெய்ற் பெயராலுமே வழங்கிற்று. பெரிய வேலையொன்றை மிகச் சொற்பப் பணத்திற்கு முடித்ததாக 1909இல் அவர் நண்பர் ஸ்ரீக்லிற்சுக்கு எழுதினார். 1951இல் வறுமையில் இறந்தார். நாள்தோறும் தம் அகத்தை நோக்குவோர் கையில் இருப்பது, ஊதியம் உரியவாறு கொடுக்கப்படாத ஓர் உழைப்பின் விளைபொருள்.

அச்சீட்டுகளில் உழைப்பு எவ்வாறு காட்டப்படுகிறது? நாணய வரிசையின் எட்டாம் சீட்டில் ஓர் இளங்கைவினைஞர் தனியே அமர்ந்து வட்டங்களைச் செதுக்குகிறார். நகரம் தொலைவில் தெரிகிறது. ஆறாம் சீட்டில் துலாக்கோலேந்திய வணிகர் மண்டியிட்ட இருவருக்குக் காசு இடுகிறார். கோல் வரிசையின் பத்தாம் சீட்டில் ஒருவர் பத்துக் கோல்களையும் சுமந்து குனிந்து செல்கிறார். எங்கும் ஆலை இல்லை, சம்பளநாள் இல்லை, ஒரே வேலையைப் பலர் சேர்ந்து மறுக்கும் காட்சி இல்லை. 1909இன் இலண்டனில், இயந்திர அச்சினால் பெருக்கப்பட்ட கட்டொன்று முதலாளித்துவத்திற்கு முந்திய கைவினை உலகைக் கனவு காண்கிறது. இக்கனவுக்குள் புகுந்து தன் இன்றைய அலுவலகத் துயரைச் சிந்திக்கும் ஒருவருக்கு, சுமையைச் சுமப்பவர் மட்டுமே அகப்படுவார்; சுமத்தியவர் அகப்படார்.

நாணய வரிசையின் ஐந்தாம் சீட்டை எடுத்துக்கொள்வோம். கந்தலணிந்த இருவர், ஒருவர் ஊன்றுகோலோடு, பனியில் நடக்கின்றனர். அவர்களுக்கு மேலே ஒளிவிடும் வண்ணக் கண்ணாடிச் சாளரம். தமது விளக்க நூலில் வெய்ற் இச்சீட்டு முதன்மையாகப் பொருள்சார்ந்த துன்பத்தையே குறிக்கும் என்றார். அதாவது, வறுமை வரும். இது பொய்யான எதிர்வுகூறல்தான். ஆனால் வறுமையை வறுமை என்றே அழைத்தது. இன்றைய தற்சிந்தனை வாசிப்பில் பெரிதும் வழங்கும் விளக்கம் வேறு: உதவி அருகிலேயே உள்ளது, நீர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பற்றாக்குறை பற்றிய உம்முடைய மனநிலையை ஆராய்ந்து பாரும். பனி மறைந்துவிட்டது. கதவில்லாத சுவரும் மறைந்துவிட்டது. எஞ்சியது பார்வையின் திசை மட்டுமே.

இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கருத்து உள்ளது. பழைய குறிசொல்லல் மூடநம்பிக்கையாயினும், மனிதரின் விருப்பத்தைச் சாராத புறவய ஆற்றல்கள் அவர் வாழ்வைத் தாக்குகின்றன என்பதைத் தலைகீழான வடிவிலேனும் ஒப்புக்கொண்டது. சனி என்பது சந்தைக்கும் நிலவுடைமைக்கும் கொள்ளைநோய்க்கும் இடப்பட்ட பிழையான பெயர். ஆயினும் பெயரிடப்பட்ட பொருள் வெளியே இருந்தது. தற்சிந்தனைச் சோதிடம் மூடநம்பிக்கையைக் களைந்தது. அதனோடு சேர்த்து அப்புறவுலகையும் களைந்துவிட்டது. அறிவு நோக்கில் ஒரு படி முன்னேற்றம், சமூக நோக்கில் ஒரு படி பின்னடைவு. வேலைநீக்கம் ‘மாற்றத்தின் அழைப்பு’ ஆகிறது. வாடகை உயர்வு ‘பாதுகாப்பின்மை உணர்வு’ ஆகிறது. 2017இல் நியூயோர்க்கில் அறிமுகமான ‘கோ-ஸ்டார்’ போன்ற கைத்தொலைபேசிச் செயலிகள் நாள்தோறும் அனுப்பும் குறுஞ்செய்திகளை இலக்கண நோக்கில் நோக்குமிடத்து, அவற்றின் எழுவாய் பெரும்பாலும் முன்னிலை ஒருமையே. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை.

இதனாலேயே இவ்வழக்கத்தை மேற்கொள்வோரைப் பழிப்பது நியாயமாகாது. தன் நாளின் பெரும்பகுதியை விற்றுவிட்ட ஒருவர், விற்பனைக்கு முந்திய பத்து நிமிடங்களிலே தன் வாழ்வைப் பற்றி எண்ண விரும்புகிறார். அத்தேவை உண்மையானது. அதனை நிறைவுசெய்ய ஒரு வடிவம் வேண்டும். வெறும் தாளின்முன் அமர்ந்து சிந்திப்பது எல்லோருக்கும் எளிதன்று. தொழிற்சங்கக் கூட்டமும் கட்சி வகுப்பும் அத்தேவையைச் சிறுபிள்ளைத்தனமெனத் தள்ளிவிட்டபோது சீட்டுக்கட்டு அவ்விடத்தை நிரப்பிற்று. ‘எனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை’ என்று ஒரு தோழர் சொல்வதற்கு நமது கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலில் எந்த வரி ஒதுக்கப்பட்டிருந்தது? சீட்டெடுத்துப் பார்க்கும் சிலர் அக்காட்சியை அதன் விளக்கத்திற்கு எதிராக வாசிப்பதும் கூடும். ஐந்தாம் சீட்டைப் பார்த்து, சாளரத்துக்கு உட்புறம் இருப்பவர் யார் என்று ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதினால், அக்கேள்வி செயலியிலிருந்தோ கையேட்டிலிருந்தோ வந்ததன்று. ஸ்மித்தின் ஓவியம் அதற்கு இடந்தருகிறது. செயலியின் வாக்கியம் தருவதில்லை. கலைப்படைப்புக்கும் பண்டத்திற்குமுள்ள வேறுபாடு இவ்விடத்தில் வெறும் இரசனைப் பிரச்சினையாக இல்லை.

எமது சூழலிலும் இதற்கு ஒப்பான ஆய்வுக்கு மூலங்கள் உள்ளன. தமிழ் இராசிபலன் சந்திரன் நின்ற இராசியை அடிப்படையாகக் கொள்வது. மேற்குப் பத்தியினின்றும் மரபால் வேறுபட்டது. நாட்காட்டித் தாளில் அது வரவு, செலவு, பகை, சுகம், அலைச்சல் என ஒற்றைச் சொல்லாகவே அச்சாகி வந்துள்ளது. அச்சொற்கள் புறநிகழ்ச்சிகளைச் சுட்டுவன. அவற்றுள் மூன்று கணக்குப் புத்தகத்திலும் வழக்காட்டிலும் பழகியவை. நாளிதழ்களின் பலன்களோ மனநிம்மதி, தன்னம்பிக்கை, மேலதிகாரியின் பாராட்டு எனப் பந்தியாக விரிகின்றன. ஒற்றைச் சொல்லினின்றும் பந்திக்கு, நிகழ்ச்சியினின்றும் மனநிலைக்கு இம்மாற்றம் எவ்வாண்டுகளில், எப்பத்திரிகைகளில் நேர்ந்தது என்பதை நூலகங்களிலுள்ள பழைய நாளிதழ்த் தொகுதிகளைக் கொண்டு ஆண்டுவாரியாக ஆராயலாம். மாணவர் ஒருவர் இப்பணியை மேற்கொள்வாராயின், முதலிற் பார்க்க வேண்டியது வினைமுற்றுகளை.